நாட்டின் நிதிச் சுழற்சியை அளந்து முன்கணிப்பது எப்படி: வங்கிக் கொள்கை வகுப்போருக்கான வழிமுறை

கடன் எளிதாகக் கிடைக்கும் காலத்தில் வீடு, நிலம் ஆகியவற்றின் விலை ஏறுகிறது. ஏறிய அந்த விலையே அடுத்த கடனுக்கு ஈடாகி இன்னும் பெரிய கடனைப் பெற வழிசெய்கிறது. கடன் வாங்குவோர், கொடுப்போர் ஆகிய இருவரின் துணிவும் இவ்வாறு ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் தவணைகளின் பாரம் வருமானத்தை அழுத்தத் தொடங்கும்போது, அதே சங்கிலி எதிர்த்திசையில் இயங்க ஆரம்பிக்கிறது. விலை சரிகிறது, ஈட்டின் மதிப்பு குறைகிறது, வங்கிகள் கடனை இறுக்குகின்றன, இறுக்கம் விலையை மேலும் சரிக்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தையே நிதிச் சுழற்சி என்கிறோம்.

இது உற்பத்தியும் வேலைவாய்ப்பும் ஏறி இறங்கும் வணிகச் சுழற்சியிலிருந்து வேறுபட்டது. வணிகச் சுழற்சி பொதுவாக எட்டு ஆண்டுகளுக்குள் முடிந்துவிடும். ட்ரெஹ்மன், போரியோ, சட்சரோனிஸ் ஆகிய மூவரும் ஏழு வளர்ந்த நாடுகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில் நிதிச் சுழற்சியின் சராசரி நீளம் சுமார் 16 ஆண்டுகள் என்று கண்டார்கள். 1998-க்குப் பின் உச்சம் தொட்ட சுழற்சிகளின் நீளம் 20 ஆண்டுகளை நெருங்கியது. எனவே 40 ஆண்டுத் தரவு கையில் இருந்தாலும் ஒரு நாட்டில் நாம் காணப்போவது இரண்டு அல்லது மூன்று சுழற்சிகளே. இந்த வழிமுறையில் பின்னால் வரும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை இந்த ஒரே உண்மையிலிருந்து பிறப்பவை.

எதற்காக அளக்கிறோம்

கணக்கைத் தொடங்குமுன் அதன் விடை எந்த முடிவுக்குப் பயன்படப்போகிறது என்பதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வங்கிகள் கூடுதல் மூலதனம் சேர்க்க வேண்டுமா என்பது ஒரு கேள்வி. வீட்டுக்கடனுக்கு உச்சவரம்பு விதிக்க வேண்டுமா என்பது வேறொரு கேள்வி. சேர்த்துவைத்த மூலதனத்தை இப்போது விடுவிக்கலாமா என்பது முற்றிலும் மூன்றாவது. முதல் இரண்டுக்கும் மெதுவாக நகரும் குறியீடுகள் வேண்டும். மூன்றாவதற்கு அவை பயன்படா. நாள்தோறும் நகரும் சந்தைக் குறியீடுகள் வேண்டும். ஒரே எண்ணைக் கொண்டு மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவதே இத்துறையில் மிகவும் பரவலான பிழை என்பது என் கருத்து.

தரவைத் திரட்டுதல்

அடிப்படை அளவு, நிதித்துறை சாராத தனியார் துறையின் மொத்தக் கடன். குடும்பங்களும் நிறுவனங்களும் வாங்கிய கடன் அனைத்தும் இதில் அடங்க வேண்டும்: உள்நாட்டு வங்கிக் கடன் மட்டுமல்ல, கடன் பத்திரங்கள், வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் கொடுத்தவை, வெளிநாட்டிலிருந்து பெற்றவை ஆகியவையும் வேண்டும். வங்கிக் கடனை மட்டும் எடுத்துக்கொண்டால், கட்டுப்பாடு இறுகும்போது கடன் வங்கிக்கு வெளியே நகர்வதை அமைதி திரும்பிவிட்டதாகத் தவறாகப் படித்துவிடுவோம். மத்திய வங்கிகளுக்கு வங்கியாக இயங்கும் பன்னாட்டுத் தீர்வு வங்கி பல நாடுகளுக்கு இத்தகைய நீண்ட காலாண்டுத் தொடர்களை வெளியிடுகிறது. உங்கள் நாடு அதில் இருந்தால் அதையே தொடக்கமாகக் கொண்டு, பிறகு உள்நாட்டுப் புள்ளிவிவரத்தோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

இந்தக் கடனை, கடைசி நான்கு காலாண்டுகளின் நடப்பு விலை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கடன் விகிதம் கிடைக்கும். வகுப்பது எளிது, வகுக்கும் எண்ணை நம்புவதுதான் கடினம். நைஜீரியா 2014-இல் தன் தேசிய வருமானக் கணக்கின் அடிப்படை ஆண்டை மாற்றியபோது அதன் உற்பத்தி மதிப்பு ஒரே நாளில் ஏறத்தாழ 89 விழுக்காடு உயர்ந்தது. அயர்லாந்தில் பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் அறிவுசார் சொத்துகளை அங்கே மாற்றியதால் 2015-இன் வளர்ச்சி சுமார் 26 விழுக்காடு என்று பதிவாயிற்று. இவ்விரண்டிலும் எந்தக் குடும்பத்தின் கடன் பாரமும் குறையவில்லை, ஆயினும் கடன் விகிதம் மட்டும் சரிந்தது. பின்னர் அயர்லாந்து திருத்தப்பட்ட தேசிய வருமானம் என்ற தனி அளவை உருவாக்கியது; அந்நாட்டுக்கு வகுக்கும் எண்ணாக அதுவே பொருத்தமானது.

வகுபடும் கடன் தொகையிலும் பொறிகள் உண்டு. வங்கிகள் வாராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்கும்போது கடன் இருப்பு குறைகிறது, ஆனால் புதிய கடன் வழங்கல் சுருங்கியதாக அதற்குப் பொருளில்லை. அந்நியச் செலாவணியில் வாங்கிய கடன், நாணய மதிப்பு விழுந்த அன்றே உள்நாட்டுக் கணக்கில் வீங்கிவிடும். ஒரு நிறுவன வகை புதிதாகக் கணக்கில் சேர்க்கப்பட்ட காலாண்டில் தொடர் திடீரென்று ஒரு படி தாவும். இத்தகைய ஒவ்வொரு முறிவையும் அடையாளம் கண்டு, முறிவுக்கு முந்தைய மதிப்புகளை, அவற்றின் வளர்ச்சி விகிதம் மாறாதவாறு, புதிய மட்டத்தோடு பின்னோக்கி இணைத்து எழுதுங்கள். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் பிற்காலத்தில் நெருக்கடி அறிகுறி என்று அஞ்சிப் பேசப்படும் பல மேடுகள் இந்த வேலையைச் செய்யாமல் விட்டதால் தோன்றியவையே.

கடனோடு வீட்டு விலையையும், கிடைத்தால் வணிகக் கட்டடங்களின் விலையையும், நுகர்வோர் விலைக் குறியீட்டால் வகுத்து உண்மை மதிப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பங்கு விலையைச் சேர்க்கும் ஆசை எழும். அது குறுகிய அலைகளில் ஆடுவதாலும், கடனோடும் வீட்டு விலையோடும் இணைந்து நகராததாலும், சுழற்சியை அளக்கும்போது விட்டுவிடுவதே நல்லது.

போக்கையும் இடைவெளியையும் பிரித்தல்

கடன் விகிதம் காலப்போக்கில் உயர்வது தன்னளவில் ஆபத்தன்று. நிதித்துறை வளரும் நாட்டில் அது இயல்பு. எனவே நீண்டகாலப் போக்கை ஒதுக்கிவிட்டு, அதற்கு மேலே எழும் பகுதியை மட்டும் அளக்கிறோம்; விகிதத்துக்கும் போக்குக்கும் உள்ள இந்த வேறுபாடே கடன் இடைவெளி. வங்கி மேற்பார்வைக்கான பன்னாட்டு விதிகளை வகுக்கும் பேசல் குழு 2010 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் இதற்கு, ஒரு தொடரிலிருந்து மென்மையான போக்கைப் பிரித்தெடுக்கும் புள்ளியியல் முறையான ஹோட்ரிக்–பிரெஸ்காட் வடிகட்டியைப் பரிந்துரைக்கிறது. காலாண்டுத் தரவுக்கு வணிகச் சுழற்சி ஆய்வில் அதன் மென்மைக் கெழு, அதாவது போக்கு எவ்வளவு வளையாமல் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் எண், 1,600. கடன் இடைவெளிக்கோ 4,00,000. இந்தப் பெரிய எண் வானத்திலிருந்து விழுந்ததன்று. நிதிச் சுழற்சி வணிகச் சுழற்சியைப் போல் நான்கு மடங்கு நீளமானது என்று கொண்டால், 1,600-ஐ நான்கின் நான்காம் அடுக்கான 256-ஆல் பெருக்க வேண்டும். 4,09,600 வரும், அதைத்தான் முழுமையாக்கி வைத்திருக்கிறார்கள். உங்கள் நாட்டின் சுழற்சி இதைவிடக் குறுகியது என்பதற்குச் சான்று இருந்தால் கெழுவையும் அதற்கேற்ப மாற்றிக் கணக்கிட்டு, இரண்டு விடைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

வடிகட்டியை ஒருபக்க முறையில் இயக்க வேண்டும் என்பது முக்கியம். அதாவது, 2005-இன் இரண்டாம் காலாண்டுக்கான போக்கைக் கணக்கிடும்போது அந்தக் காலாண்டு வரையிலான தரவை மட்டுமே கொடுக்க வேண்டும். அடுத்த காலாண்டுக்கு ஒரு மதிப்பைச் சேர்த்து மீண்டும் இயக்க வேண்டும். முழுத் தொடரையும் ஒரே தடவையில் வடிகட்டினால், அன்று எவருக்கும் தெரிந்திராத எதிர்காலம் போக்கினுள் புகுந்துவிடுகிறது. வரைபடம் அழகாக இருக்கும், நெருக்கடிகள் எல்லாம் முன்கூட்டியே தெரிந்தது போலத் தோன்றும், ஆனால் கொள்கை வகுப்பவர் கையில் அன்று அந்த வரைபடம் இருந்திருக்காது. தொடரின் முதல் பத்து ஆண்டுகளாவது போக்கு நிலைபெறுவதற்கே செலவாகும் என்பதால் அந்தக் காலத்து இடைவெளிகளை முடிவெடுக்கப் பயன்படுத்தாதீர்கள்.

இந்த முறையின் குறைகளை மறைக்கத் தேவையில்லை. எட்ஜ், மைசென்சால் ஆகியோர் 2011-இல் அமெரிக்கத் தரவைக் கொண்டு, அன்றன்று கணக்கிடும் இடைவெளி பின்னாளில் பெரிதும் திருத்தப்படுகிறது என்றும், அதற்குக் காரணம் தரவின் திருத்தத்தைவிட வடிகட்டியின் இறுதிமுனைச் சிக்கலே (தொடரின் கடைசி மதிப்புகளில் போக்கு நிலைபெறாமல் மாறிக்கொண்டிருப்பது) என்றும் காட்டினார்கள். பொருளியலாளர் ஹாமில்டன் இந்த வடிகட்டியை அறவே கைவிட வேண்டும் என்று வாதிட்டு, ஒரு மாற்றை முன்வைத்தார்: இன்றைய மதிப்பை முன்பொரு காலத்து அடுத்தடுத்த நான்கு மதிப்புகளின் மேல் தொடர்புப்போக்குச் செய்து (அவற்றைக் கொண்டு புள்ளியியல் முறையில் விளக்கி), விளக்கப்படாமல் எஞ்சுவதைச் சுழற்சியாகக் கொள்ளுங்கள் என்றார். கடனுக்கு, இன்றைக்கும் அந்தப் பழைய மதிப்புகளுக்கும் இடைப்பட்ட காலத்தை 20 காலாண்டுகளாக எடுத்துக்கொள்வது வழக்கம். ட்ரெஹ்மனும் யெட்மனும் 2018-இல் இவற்றை ஒப்பிட்டு, நெருக்கடியை முன்னறிவிப்பதில் பழைய வடிகட்டியின் இடைவெளியை வேறெந்த அளவும் தெளிவாக விஞ்சவில்லை என்று கண்டார்கள். எனவே இரண்டையும் கணக்கிடுங்கள். இரண்டும் ஒரே திசையைக் காட்டும்போது நம்பிக்கையோடு பேசலாம். முரண்படும்போது, அந்த முரண்பாட்டையே அறிக்கையில் எழுத வேண்டும்.

நெருக்கடிக்குப் பிந்தைய ஆண்டுகளில் இன்னொரு சிக்கல் எழுகிறது. பெருங்கடன் பெருக்கம் நீண்டகாலப் போக்கையே மேலே இழுத்துவிட்டதால், பின்னர் விகிதம் சரியும்போது இடைவெளி பல ஆண்டுகள் ஆழமான எதிர்மறையில் கிடக்கும். அந்தப் பள்ளத்தின் அடியில் புதிய கடன் வேகமாக வளரத் தொடங்கினாலும் இடைவெளி எச்சரிக்காது. இக்காலத்தில், விலைவாசி உயர்வை நீக்கிய உண்மைக் கடனின் இரண்டாண்டு அல்லது மூன்றாண்டு வளர்ச்சி வேகத்தைத் தனியாகக் கவனிப்பதே பாதுகாப்பு.

தவணைச் சுமை

கடன் விகிதம் இருப்பைச் சொல்கிறது. அதைச் சுமப்பவரின் வலியைத் தவணைச் சுமை விகிதம் சொல்கிறது. வருமானத்துக்கு எதிரான கடனை, வட்டி விகிதத்தையும் மீதமுள்ள தவணைக் காலத்தையும் கொண்ட சமத்தவணைக் காரணியால் (ஒரு ரூபாய்க் கடனுக்கு ஆண்டுதோறும் கட்ட வேண்டிய சமமான தவணை) பெருக்கினால் இது கிடைக்கும். பன்னாட்டுத் தீர்வு வங்கி குடும்பங்களுக்குச் சராசரித் தவணைக் காலத்தை 18 ஆண்டுகளாகவும் நிறுவனங்களுக்கு 13 ஆண்டுகளாகவும் எடுத்துக்கொள்கிறது. கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டு: குடும்பங்களின் கடன் அவற்றின் ஆண்டு வருமானத்தைப் போல் ஒன்றரை மடங்கு, சராசரி வட்டி 5 விழுக்காடு, காலம் 18 ஆண்டுகள் என்றால் ஆண்டு வருமானத்தில் ஏறத்தாழ 12.8 விழுக்காடு தவணைக்குப் போகிறது. கடன் ஒரு காசும் கூடாமல் வட்டி 8 விழுக்காடாக உயர்ந்தால் அதே சுமை 16 விழுக்காடாகிறது. கடன் விகிதம் இந்த மாற்றத்தைக் காட்டவே காட்டாது.

இதில் கவனிக்க வேண்டியது, நிலுவையிலுள்ள கடன் முழுவதன் சராசரி வட்டியையே கொள்ள வேண்டும் என்பது. புதிய கடனின் வட்டியை எடுத்தால், நிலையான வட்டிக் கடன்கள் மிகுந்த நாட்டில் சுமை உடனே ஏறியதாகப் பொய்த்தோற்றம் வரும். கடன் இடைவெளி நெருக்கடிக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கிறது. தவணைச் சுமை கடைசி ஓரிரு ஆண்டுகளில் கூர்மையாக எச்சரிக்கிறது. ஒன்று தொலைநோக்கி என்றால் மற்றது அருகே பார்க்கும் கண்ணாடி.

ஒன்றாக்குதல், திருப்புமுனைகளைக் குறித்தல்

கடன், கடன் விகிதம், வீட்டு விலை ஆகிய மூன்றிலிருந்தும் 8 முதல் 30 ஆண்டு வரையிலான அலைகளை மட்டும் அலைவரிசை வடிகட்டியால் பிரித்தெடுத்து, சராசரி கண்டால் ஒரு கூட்டுச் சுழற்சி கிடைக்கும். எடைகளை நுட்பமாகத் தேடுவதில் காலம் செலவிட வேண்டியதில்லை. இவ்வளவு குறைந்த சுழற்சிகளைக் கொண்டு மதிப்பிட்ட எடைகள் தற்செயலையே பெரும்பாலும் எடையிடுகின்றன. கூட்டு எண்ணோடு அதன் உறுப்புகளையும் தனித்தனியாக வெளியிடுவது கட்டாயம் என்பேன், ஏனெனில் வீட்டு விலையின் சரிவு நிறுவனக் கடனின் ஏற்றத்தைச் சராசரியில் மூடிவிடக்கூடும். உச்சங்களையும் தாழ்வுகளையும் குறிக்க, வணிகச் சுழற்சிக்குப் பயன்படும் திருப்புமுனை விதிகளையே, முழுச் சுழற்சியின் குறைந்தபட்ச நீளத்தை ஐந்து ஆண்டுகளாக நீட்டிப் பயன்படுத்தலாம்.

எச்சரிக்கையைச் சோதித்தல்

இனி கேட்க வேண்டியது, இந்தக் குறியீடு உண்மையில் எச்சரித்ததா என்பது. ஒரு நாட்டில் ஒன்றிரண்டு வங்கி நெருக்கடிகளே நிகழ்ந்திருக்கும் என்பதால், அமைப்பில் ஒத்த பல நாடுகளின் தரவைச் சேர்த்தே சோதிக்க முடியும். லேவன், வலென்சியா ஆகியோர் பன்னாட்டு நாணய நிதியத்துக்காகத் தொகுத்த நெருக்கடித் தேதிகள் இதற்குப் பரவலாகப் பயன்படுகின்றன. ஷூலாரிக், டெய்லர் ஆகியோர் 14 நாடுகளின் 1870 முதல் 2008 வரையிலான தரவைக் கொண்டு, கடன் வளர்ச்சியே நிதி நெருக்கடியின் வலிமையான முன்னறிவிப்பு என்று காட்டியதும் இப்படிப் பல நாடுகளைச் சேர்த்துப் பார்த்ததால்தான்.

நெருக்கடிக்கு முந்தைய இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளை எச்சரிக்கைக் காலமாகக் கொள்ளுங்கள். நெருக்கடி நடக்கும் காலாண்டுகளையும் அதற்கு அடுத்த சில ஆண்டுகளையும் சோதனையிலிருந்து நீக்கிவிடுங்கள். அவற்றை அமைதிக் காலமாகச் சேர்த்தால் முடிவு சாய்ந்துவிடும். பின்னர், குறியீடு எந்த அளவைத் தாண்டினால் எச்சரிக்கையாகக் கொள்வது என்ற ஒவ்வொரு வாசல் அளவுக்கும் தவறவிட்ட நெருக்கடிகளையும் பொய் எச்சரிக்கைகளையும் எண்ணி, அவற்றின் பரிமாற்றத்தை வளைகோடாக வரைந்து, அதன் கீழ்ப் பரப்பைக் கணக்கிடுங்கள். 0.5 என்றால் நாணயத்தைச் சுண்டிப்போட்டதற்குச் சமம். 1 என்றால் பிழையற்ற எச்சரிக்கை. வாசலை எங்கே வைப்பது என்பது புள்ளியியல் மட்டும் தீர்க்கும் கேள்வியன்று. தவறவிட்ட நெருக்கடியின் விலை, தேவையின்றிச் சேர்த்த மூலதனத்தின் விலையைவிட எத்தனை மடங்கு என்று கொள்கை வகுப்பவர் கருதுகிறாரோ அதைப் பொறுத்தது. அந்தத் தீர்ப்பை ஆய்வாளர் தமக்குள் எடுத்துவிட்டு எண்ணுக்குப் பின்னால் ஒளித்துவைக்கக் கூடாது.

முன்கணித்தல்

கடன் விகிதத்தை நேரடியாக முன்கணிக்காமல், கடனையும் உற்பத்தியையும் தனித்தனியே முன்கணித்து வகுத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் விகிதம் ஏறுவது கடன் பெருகியதாலா, உற்பத்தி சுருங்கியதாலா என்பது தெரியும். 2020-இல் பெருந்தொற்றின்போது பல நாடுகளில் உற்பத்தி திடீரென விழுந்ததால் இடைவெளி பாய்ந்து ஏறியது. அதைக் கடன் பெருக்கம் என்று எண்ணி மூலதனத்தை இறுக்கியிருந்தால், கடன் மிகவும் தேவைப்பட்ட வேளையில் அதன் கழுத்தை நெரித்ததாக ஆகியிருக்கும்.

கருவிகளில், கடன், வீட்டு விலை, வட்டி, உற்பத்தி, விலைவாசி ஆகிய ஐந்தைக் கொண்ட பேயசிய திசையன் தன்தொடர்பு மாதிரி ஒன்றே (ஒவ்வொன்றையும் அனைத்தின் கடந்தகால மதிப்புகளைக் கொண்டு கணிக்கும் மாதிரி) தொடக்கத்துக்குப் போதும். அதை, கடைசி மதிப்பே தொடரும் என்று கொள்ளும் எளிய கணிப்போடு ஒப்பிடுங்கள். எளியதை விஞ்ச முடியாத மாதிரியைக் கொள்கைக் கூட்டத்துக்கு எடுத்துச்செல்ல வேண்டாம். சோதனையில் இன்று கிடைக்கும் திருத்தப்பட்ட தரவை அல்லாமல், அந்தந்தக் காலத்தில் வெளியான பதிப்பையே பயன்படுத்துங்கள்.

ஒற்றை எண்ணைவிடப் பரவலைக் கணிப்பது கொள்கைக்கு மேலும் உதவும். அட்ரியன், போயார்சென்கோ, ஜனோனி ஆகியோர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வழியைத் திறந்தது. அவர்கள், சராசரியை மட்டுமன்றிப் பரவலின் பல புள்ளிகளையும் கணிக்கும் நூற்றுமானத் தொடர்புப்போக்கின் மூலம், நிதிநிலைமை இறுகும்போது (கடனும் நிதியும் கிடைப்பது கடினமாகும்போது) வளர்ச்சியின் நடுமதிப்பைவிட அதன் கீழ்வால், அதாவது மிக மோசமான விளைவுகளின் பகுதி, வெகுதூரம் இறங்குவதைக் காட்டினார்கள். இதே முறையில், இன்றைய கடன் இடைவெளி, தவணைச் சுமை, நிதிநிலைமை ஆகியவற்றைக் கொண்டு, அடுத்த ஓராண்டுக்கும் மூன்றாண்டுக்கும் வளர்ச்சியின் ஐந்தாம் நூற்றுமானம் (நூற்றில் ஐந்து வாய்ப்புகளில் மட்டும் வளர்ச்சி அதற்குக் கீழே போகும் அளவு) எங்கே நிற்கும் என்று மதிப்பிடலாம். எளிதான நிதிநிலைமை அடுத்த ஓராண்டின் ஆபத்தைக் குறைத்து, கடன் பெருக்கத்தோடு சேரும்போது மூன்றாம் ஆண்டின் ஆபத்தைக் கூட்டுவதை அப்போது ஒரே வரைபடத்தில் காண முடியும். எல்லாம் அமைதியாக இருக்கும்போதே ஏன் மூலதனம் சேர்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான விடையை நான் கண்டதில்லை.

அளவிலிருந்து கொள்கைக்கு

பேசல் வழிகாட்டுதலின் விதி எளியது. இடைவெளி 2 விழுக்காட்டுப் புள்ளிக்குக் கீழே இருந்தால் எதிர்சுழற்சி மூலதனத் தாங்கல் (நல்ல காலத்தில் வங்கிகள் சேர்த்துவைத்து, நெருக்கடியில் விடுவிக்கப்படும் கூடுதல் மூலதனம்) சுழியம். 10-ஐத் தாண்டினால் இடர் எடையிட்ட சொத்துகளில் (ஒவ்வொன்றின் ஆபத்துக்கேற்ப எடையிட்டுக் கூட்டிய சொத்துகள்) 2.5 விழுக்காடு, இடையில் நேர்கோட்டில் உயரும். விகிதம் 86, போக்கு 80 என்றால் இடைவெளி 6, தாங்கல் 1.25 விழுக்காடு. நாடுகள் தங்கள் அனுபவத்துக்கேற்ப இந்த எல்லைகளை மாற்றிக்கொள்ளலாம். இந்திய ரிசர்வ் வங்கி 2015-இல் வகுத்த சட்டகத்தில் அவை 3, 15 என்று உள்ளன. தாங்கலை உயர்த்தும் முடிவை வங்கிகளுக்கு 12 மாதம் வரை முன்னதாக அறிவிக்க வேண்டியிருப்பதால், முன்கணிப்பு குறைந்தது அந்த ஓராண்டைத் தாண்டிப் பார்த்தாக வேண்டும்.

இந்த விதியைத் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளுங்கள், ஆணையாகக் கொள்ள வேண்டாம். பிரிட்டனில் இடைவெளி ஆழமான எதிர்மறையில் இருந்த ஆண்டுகளிலும் அந்நாட்டு மத்திய வங்கியின் நிதிக் கொள்கைக் குழு தாங்கலை 1 விழுக்காட்டில் வைத்திருந்தது. அதனால்தான் 2020 மார்ச்சில் அதைச் சுழியத்துக்கு இறக்க முடிந்தது. இயல்பான காலத்திலேயே தாங்கலை ஓரளவு நேர்மறையாக வைத்திருக்கும் இந்த அணுகுமுறையை 2022-இல் பேசல் குழுவும் ஆதரித்தது. அளவீட்டில் இவ்வளவு நிச்சயமின்மை இருக்கும்போது, ஆபத்து உறுதியான பிறகு சேர்க்கத் தொடங்குவதைவிட எப்போதும் கொஞ்சம் கையில் வைத்திருப்பதே எனக்கும் சரியாகத் தோன்றுகிறது.

பெருக்கம் எங்கே என்பதைப் பொறுத்துக் கருவியைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுக்கடன் மட்டும் பெருகினால், சொத்தின் மதிப்பில் எத்தனை விழுக்காடு கடன் தரலாம், வருமானத்தில் எத்தனை விழுக்காடு தவணைக்குப் போகலாம் என்ற வரம்புகள் நேரடியாக அங்கே தைக்கும். பொதுவான மூலதனத் தாங்கல் எல்லா வகைக் கடனையும் தொடும். விடுவிக்கும்போது கடன் இடைவெளியைப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது, ஏனெனில் நெருக்கடி வெடித்த பிறகும் அது பல காலாண்டுகள் உயரத்திலேயே நிற்கும். கடன் பத்திரங்களின் வட்டி வேறுபாடு, வங்கிகளுக்கிடையிலான சந்தையின் இறுக்கம், புதிய கடன் வழங்கலின் வீழ்ச்சி ஆகியவையே அங்கே வழிகாட்டும். விடுவிப்பதற்கு முன்னறிவிப்புக் காலமும் வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு நடைமுறை. ஒவ்வொரு காலாண்டிலும் கணக்கிட்ட இடைவெளி, தவணைச் சுமை, முன்கணிப்பு, அவற்றுக்குப் பயன்பட்ட தரவுக் கோப்பு, எடுத்த முடிவு, அதற்கான காரணம் ஆகிய அனைத்தையும் தேதியிட்டுத் தனிக்கோப்பாகச் சேமியுங்கள். அடுத்த காலாண்டின் கணக்கை அதன் மேல் எழுதிவிடாதீர்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, அன்று கையிலிருந்த எண்ணைக் கொண்டு எடுத்த முடிவு சரியா என்று ஒருவர் ஆராய வரும்போது, திருத்தப்பட்ட இன்றைய தொடரைக் கொண்டு அவரால் அதைச் செய்ய முடியாது. அந்தப் பழைய கோப்புதான் வேண்டும்.